எனக்கு மட்டும் என்று தந்த மெஷின்

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் எதுவும் தனியாகக் கிடையாது. ஒரு வீட்டுக் காம்பராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்தில் மிளகாய் வறுத்தால் நமக்குத்தான் தும்மல் வரும். இதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒற்றுமை என்பார்கள், ஒருதாய் மக்கள் என்பார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவராவது லயத்தில் பிள்ளை சுமந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம். வாக்கப்பட்டு வந்தது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு. உயர்தரம் வரை படித்திருந்ததால் தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். காம்பராவில் நானும் மாமியும்தான், அதாவது அவருடைய அம்மாவும் நானும். மாமி ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். யாருக்கு என்ன என்றாலும் கேட்பதற்கு முன்னால் போய் நிற்பார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் கெட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தலைப்பிள்ளை உண்டானபோது எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அதனால் பிரசவத்துக்கு அங்கே போகும் பேச்சே எழவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்த நாட்களில் தோட்டத்துக்கு வந்த மிட்வைஃப் என் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டிப் பார்த்தார். பிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். எனக்குப் பிரஷர் இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களுக்கு என்று தனியாக ஒரு கிளினிக் நடந்தது. நடத்தியவர்கள் நர்ஸ்மார். டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்றபடி எல்லாம் அவர்கள் கைதான். நீளமான வாங்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிரஷர்காரி, சீனிக்காரி, ரத்தம் இல்லாதவள், இதற்கு முன் பிள்ளை செத்துப் பிறந்தவள். அந்தக் கடைசி வகைப் பெண்கள் யாரோடும் பேச மாட்டார்கள். நாங்கள் பேச்சுக் கொடுத்தாலும் சிரித்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். தலைக்கனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்த நர்ஸ், டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்துவார். குழி விழுந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். பிரஷர் மாத்திரையும் அவர்தான் எண்ணித் தருவார்.

"மோதிரத்தக் கழட்டிப் பாருங்க புள்ள. கழருதா? போன தரம் கழண்டுச்சே."

இதற்கு முன் ஆஸ்பத்திரியில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் நின்று, திட்டு வாங்கி, எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளைக் குளிசை வாங்கி வருவதுதான். இவர் என் மோதிரத்தை ஞாபகம் வைத்திருந்தார். நான் அவரிடம் மயங்கிவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் மிஸ் ஒரு பெட்டியை என் கையில் தந்தார். உள்ளே பிரஷர் பார்க்கிற சின்ன மெஷின். பட்டியைக் கையில் சுற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் தானாகவே காற்றடித்து, தானாகவே எண்ணைக் காட்டும். தூரத்துத் தோட்டங்களில் இருக்கிற தாய்மாருக்கு இரவல் தருகிறார்கள். இருந்தது கொஞ்ச மெஷின்தான். எனக்கு எழுத்தும் எண்ணும் தெரியும் என்பதால் என்னைத் தேர்ந்திருந்தார்.

"காலயிலயும் அந்திக்கும் கொஞ்சம் அமைதியா ஒக்காந்து பாருங்க. நான் போன் பண்ணிக் கேப்பேன். நம்பர் கூடினாலோ, தல இடிச்சாலோ, கண்ணுக்கு முன்னால மினுங்கினாலோ எனக்கு எடுத்துச் சொல்லுங்க, இல்லாட்டி நேரா கெளம்பி வாங்க." பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இது ஒங்களுக்கு மட்டும்தான் புள்ள. வேற யாருக்கும் கட்ட வேணாம்."

நான் தலையாட்டினேன். டவுனில் பிறந்து வளர்ந்த மிஸ்ஸுக்கு லயத்தில் 'உங்களுக்கு மட்டும்' என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். கர்ப்பிணிக்கு என்று அரசாங்கம் தருகிற திரிபோஷா மாப் பைகளில் நான் சாப்பிட்டது எவ்வளவு என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். மாமி சீனி போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார். லயத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போகும். கடைசியில் பாத்திரத்தை வழித்து எனக்குத் தருவார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ எப்படித் தின்பாய் என்பார். உண்மைதான், என்னால் தின்ன முடிந்திருக்காது.

மெஷின் வந்த அன்று அந்தியிலேயே சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நர்ஸ் மிஸ் வேணாம்னு சொன்னாங்க" என்றேன்.

"காத்துதான புள்ள அடிக்குது. எங்க கையில கட்டுனா காத்து கொறஞ்சிருமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமி என்னை உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "கேட்டு வந்தவங்கள எப்புடி புள்ள திருப்பி அனுப்புறது? நாளைக்கு ஒனக்கு வலி வந்துச்சுன்னா அவங்கதான தூக்கிக்கிட்டு ஓடணும்?"

பட்டியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனேன். பின்னால் அவர் சொன்னபடியேதான் நடந்தது, அவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதன் பிறகு தினமும் திருவிழா. தலை சுற்றுகிறது என்று ஒருவர், தூக்கம் வரவில்லை என்று ஒருவர், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு கிழவி, குடித்துவிட்டுத் தவறணையில் இருந்து நேராக வந்து தன் பிரஷர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பந்தயம் கட்டிய ஒருவர். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர்கள் எண்ணைக் கேட்டுவிட்டு நிற்கிற நிற்பைப் பார்த்தால் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும். அதில் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக யாரோ பிரஷர் பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மலையை உரித்துச் சம்பாதித்த தோட்டம், இவர்கள் கையில் ஒரு பட்டியைச் சுற்ற ஓர் ஆளை வைக்கவில்லை. அந்தக் குறையை எல்லாம் தீர்க்கிற வேலை என் இரவல் மெஷின் தலையில் விழுந்தது.

அடிக்கடி வந்தவள் பக்கத்துக் காம்பரா அக்கா. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. மலையில் முதல் கூடை நிரம்புவது அவளுடையதுதான். எண் நன்றாக இருக்கிறது என்று கேட்பதற்காகவே வருவாள். எப்போது பார்த்தாலும் நூற்றுப் பத்துக்கு எழுபது. "ஒங்களுக்கு என்னக்கா, கல்லு மாதிரி இருக்கீங்க" என்பேன். பரீட்சையில் பாஸ் ஆனவள் மாதிரிச் சிரித்துக்கொண்டு போவாள்.

மாமியும் மெஷினைப் பழகிக்கொண்டார். எழுத்துத் தெரியாவிட்டாலும் கொழுந்துத் தராசைப் பார்த்துப் பார்த்து எண் தெரியும். கடைசியாகப் பார்த்த எண்ணைத் திரும்பக் காட்டுகிற பொத்தான் ஒன்று மெஷினில் இருந்தது. மாமி கேட்டதால் அதையும் காட்டிக் கொடுத்திருந்தேன். காலையில் நான் எனக்குப் பார்த்து வைத்துவிட்டு முன்பள்ளிக்குப் போன பிறகு, அதை அமுக்கிப் பார்த்து, கூடவில்லையே என்று நிம்மதியாகிக்கொள்வார்.

இத்தனை பேருக்குக் காற்றடித்தால் பேட்டரி எத்தனை நாளைக்கு வரும்? எழுத்து மங்கத் தொடங்கியதும் மாமி டிவி ரிமோட்டில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டார். அதுவே அரை உயிரில் இருந்ததுதான். புதியது வாங்க வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வாங்கலாம் என்று இருந்தோம். பேட்டரி மாற்றிய அன்று அந்தி பக்கத்துக் காம்பரா அக்கா வந்தாள். அவளுக்குப் பார்த்ததுதான் அந்தப் பேட்டரியின் கடைசி மூச்சு.

மறுநாள் விடிந்ததில் இருந்தே எனக்குத் தலை இடித்தது. பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். மெஷின் முனகிக்கொண்டு பாதி வரைக்கும் காற்றடித்துவிட்டு அப்படியே தளர்ந்துவிட்டது. பேட்டரிக் குறி மட்டும் மினுங்கியது. முன்பள்ளிக்குப் போகவில்லை. மாமி நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டார். பனி, அதுதான் தலைக்கு ஏறிவிட்டது என்றார். எட்டிப் பார்த்த இரண்டு பேரும் பனிதான் என்று ஆமோதித்தார்கள்.

அன்று பகல் மிஸ் போன் பண்ணுவதாக இருந்தது. எங்கள் லயத்தில் போன் எடுபடாது. மேலே கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் போகிறேன் என்று மாமி போனை எடுத்துக்கொண்டார். மிஸ் ஏதாவது கேட்டால் காட்டிச் சொல்லலாம் என்று மெஷினையும் பையில் போட்டுக்கொண்டார்.

"மெஷின் வேல செய்யலன்னு சொல்லுங்க மாமி. தலவலின்னும் சொல்லுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

மாமி மூச்சு வாங்க இறங்கி வந்தார். முகம் தெளிந்திருந்தது. "பயப்பட ஒண்ணும் இல்லன்னாங்க புள்ள. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கட்டும், காலயில கிளினிக்குக்கு வரட்டும்னாங்க."

எனக்கும் அப்பாடா என்று இருந்தது. மெஷின் வேலை செய்யவில்லை, தலை இடிக்கிறது என்று கேட்ட பிறகும் மிஸ்ஸே பயப்பட வேண்டாம் என்கிறார் என்றால், பயப்பட வேண்டாம்தானே. இடது பக்கமாகப் படுத்தேன். உள்ளே பிள்ளை புரண்டது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தபோது வயிறு இறுகிக் கிடந்தது. வலி விட்டுவிட்டு வரவில்லை, ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றதும் கால் வழியாக ரத்தம் இறங்கியது. மாமி போட்ட சத்தத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். தோட்டத்து வண்டி ஏதோ பெரிய காரியமாக வெளியே போயிருந்தது. எப்போது கேட்டாலும் அது பெரிய காரியமாகத்தான் போயிருக்கும். கம்பளியில் கிடத்தி நாலு பேர் ரோட்டு வரைக்கும் தூக்கிப் போனார்கள். பந்தயம் கட்டிய அந்தத் தவறணைக்காரரும் அதில் ஒருவர். பக்கத்துக் காம்பரா அக்கா என் தலையைத் தாங்கிக்கொண்டே வந்தாள். ரோட்டில் பிடித்த ஆட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் மாமி முருகா முருகா என்றார். நான் பிள்ளை அசையட்டும் என்று மட்டும் காத்துக்கொண்டிருந்தேன்.

அது அசையவில்லை. டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மிஸ் ஓடி வந்தார். என் கணுக்காலை அழுத்தினார். மோதிரத்தைப் பார்த்தார், அது சதைக்குள் புதைந்திருந்தது. "நேத்து நம்பர் நல்லா இருந்துச்சே" என்றார் மாமியிடம்.

"ஆமாங்க மிஸ். நூத்திப் பத்துக்கு எழுவதுன்னு மெஷினேதான காட்டுச்சு. புள்ள வேல செய்யலன்னு சொல்லிச்சு. நான் மேட்டுல நின்னு, தெனமும் பாக்குற அந்தப் பொத்தான அமுக்குனேன், டக்குன்னு வந்துருச்சு. அதப் பாத்துத்தான் ஒங்களுக்குச் சொன்னேன்."

மிஸ் மாமியின் பையில் இருந்து மெஷினை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் எண் ஒருநாளும் அவ்வளவு கீழே இறங்கியதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது யாருடைய எண் என்பது எனக்கு மட்டும் தெரியும். மாமிக்கு இது எதுவும் தெரியாது. மெஷின் மருமகளுக்குத் தந்தது, ஆகவே அது மருமகளின் எண்ணைத்தான் வைத்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கட்டிப் பார்த்தாலும் மெஷினுக்குத் தன் ஆள் யார் என்று தெரியும் என்று நம்பியிருக்கிறார்.

பெண் பிள்ளை. தலை நிறைய முடி இருந்தது. துணியில் சுற்றி ஒருமுறை காட்டினார்கள்.

மாமி வெளியே போயிருந்த நேரத்தில் மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்க உசிராச்சும் மிஞ்சிச்சே புள்ள" என்றார். அந்த வார்த்தையை அன்று வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன். பிறகு வேறு குரலில் சொன்னார். "நான் நம்பர நம்பிட்டேன். தலவலிய நம்பியிருக்கணும்." திட்டுவார் என்று காத்திருந்தேன். உங்களுக்கு மட்டும் என்று சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கும். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மாமிக்குச் சொல்லப் போறீங்களா?"

"தெரியல மிஸ்" என்றேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட நாளில் மிஸ் மெஷினையும் என்னோடு திருப்பி அனுப்பினார். பிள்ளை பிறந்ததும் பிரஷர் உடனே இறங்கிவிடாது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளை பிறந்ததும் என்றுதான் சொன்னார். எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வாய்.

வீட்டுக்காரர் கொழும்பில் இருந்து ஓடி வந்து பிள்ளையை அடக்கம் செய்துவிட்டிருந்தார். வரும் வழியில் புதிய பேட்டரியும் வாங்கி வந்து மெஷினில் போட்டார். அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதன் பிறகு துக்கம் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் உள்ளே கட்டிலில் கிடப்பேன். மாமி இஸ்தோப்பில் உட்கார்ந்து வந்தவர்களுக்குச் சொல்வார். கூரை வரைக்கும் போகாத சுவர்தானே, ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கும்.

"மெஷின் நல்லா இருக்குன்னுதான் சொல்லுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். இவ என்ன செஞ்சாளோ, மாத்திரைய ஒழுங்கா குடிச்சாளோ இல்லையோ. சொல்லச் சொல்லக் கேக்காம பள்ளிக்கூடத்துக்கு ஏறி எறங்கிக்கிட்டே இருந்தா."

முதல்தடவை கேட்டபோது, துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். வந்தவர்கள் மாற மாற அதே பேச்சு வந்துகொண்டிருந்தது. வரவர என் மாத்திரைக் கதை நீண்டது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, அடுத்த தடவையாவது மாத்திரையை ஒழுங்காகக் குடி என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு மாத்திரைகூடத் தவறவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர், அறியாமல் செய்தது, சொன்னால் உடைந்துபோவார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிள்ளையை நானே கொன்றேன் என்று லயம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் அந்தி பக்கத்துக் காம்பரா அக்கா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனவள், தலைமாட்டில் இருந்த மெஷினைப் பார்த்துவிட்டாள்.

"புது பேட்டரி போட்டாச்சாமே. எனக்கும் ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு. ஒருக்கா பாத்துச் சொல்லு தங்கச்சி."

கையை நீட்டினாள். நான் எழுந்து உட்கார்ந்து பட்டியைச் சுற்றினேன். மெஷின் புது வேகத்தில் காற்றடித்தது. மாமி அடுப்படியில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

"நூத்திப் பத்துக்கு எழுவது" என்றேன். அடுப்படிக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

கரண்டிச் சத்தம் நின்றது. மாமி கோப்பையோடு வாசற்படியில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கும் ஒனக்கு இதேதான் காட்டுச்சா? புள்ளைக்கு முடியாமப் போனதுக்கு மொத நாள்?"

"எனக்கு எப்பவும் இதுதான மாமி" என்றாள் அக்கா, வெள்ளந்தியாக. "அன்னைக்கும் எனக்குத்தான் கடைசியாப் பாத்தா. பொறகு பேட்டரி செத்துப்போச்சே."

மாமி கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு மாத்திரைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வேறு பேச்சும் அதிகம் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அந்தத் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.